இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது?

கணினி கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: வீட்டுக் கணினியில் இருப்பதைப் பிரதியெடுத்து வைக்க எந்த எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குவது, வாங்கியதை எப்படி வைத்திருப்பது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நீண்ட கடிதங்களையும் வட்ஸ்அப் குரல்பதிவுகளையும் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கே: வீட்டில் விண்டோஸ் 11 போட்ட டெஸ்க்டொப் ஒன்று இருக்கிறது. 2004இலிருந்து எடுத்த படங்கள், பிள்ளைகளின் கலியாண வீடியோக்கள், காணி உறுதியின் ஸ்கேன் எல்லாம் அதில்தான். யாழ்ப்பாணத்து வீட்டு ஆல்பம் 1995 இடப்பெயர்வோடு போய்விட்டது, கொழும்பில் சித்தப்பா வீட்டில் இருந்த படங்களை வாங்கி ஸ்கேன் செய்து அதையும் சேர்த்து வைத்திருக்கிறோம். எல்லாமாக 600 கிகாபைட் வரும். யூனிட்டி பிளாசாவில் விசாரித்தால் ஒரு கடையில் 4 டெராபைட் எடுங்கள் என்கிறார்கள், அடுத்த கடையில் 1 டெராபைட் எஸ்.எஸ்.டி.தான் இப்போது நல்லது என்கிறார்கள், கனடாவில் இருக்கும் மகன் வேறொரு பெயர் சொல்கிறான். எதை வாங்குவது? எந்தக் கம்பனி பழுதாகாது?
— வாசகி, வெள்ளவத்தை

ப: பழுதாகாத கம்பனி என்று ஒன்று இல்லை அம்மா. சுழலும் ஹார்ட் டிஸ்க் செய்யும் கம்பனிகள் இன்று உலகத்தில் மூன்றுதான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. பெட்டியின் மேல் வேறு பெயர் அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது இவற்றில் ஒன்றின் டிஸ்க்தான். பேக்பிளேஸ் என்ற அமெரிக்கக் கம்பனி தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளில் எத்தனை பழுதாகின்றன என்று கணக்கு வெளியிடுகிறது. 2023இல் நூற்றுக்கு 1.40, 2024இல் 1.57. குளிரூட்டிய கட்டடத்தில், யாரும் கை வைக்காமல், சீரான மின்சாரத்தில் ஓடும் டிஸ்க்குகளின் கணக்கு அது. நாங்கள் தூக்கி எடுத்து, மேசை விளிம்பில் வைத்து, யாராவது கேபிளில் கால் தடுக்கி விழுத்துகிற டிஸ்க்குக்கு அதைவிட நல்ல கணக்கை எதிர்பார்க்க முடியாது. எந்தப் பெயர் என்றாலும் ஒரு நாள் நிற்கும் என்று வைத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

அதனால் என் பதில்: ஒன்று வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள். 4 டெராபைட்டுக்கு ஒதுக்கிய காசை இரண்டு 2 டெராபைட் டிஸ்க்காகப் பிரியுங்கள், சற்றுக் கூட வந்தாலும் பரவாயில்லை. இரண்டும் வெவ்வேறு கம்பனியாக இருக்கட்டும், ஏனென்றால் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கும் ஒரே மாதிரியான இரண்டு டிஸ்க்குகள் ஒரே தொகுதியில் செய்யப்பட்டவையாக இருக்கலாம், அந்தத் தொகுதியில் குறை இருந்தால் இரண்டிலும் இருக்கும். ஒன்று உங்கள் வீட்டில், மற்றது வேறொரு வீட்டில். உங்கள் கடிதத்திலேயே இதற்கான காரணம் இருக்கிறது. யாழ்ப்பாண ஆல்பம் போன பிறகும் அந்தப் படங்கள் உங்களிடம் இருப்பது, சித்தப்பா வீட்டில் இன்னொரு பிரதி இருந்ததால்தானே? 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அச்சிட்ட நூல்களில் பலவற்றை வேறு இடங்களிலிருந்து மறுபடி தேடிச் சேர்க்க முடிந்தது, ஒரே ஒரு பிரதியாக இருந்த சுவடிகளை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இன்று ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வேலையின் அருமை தெரிந்த சமூகம் நாம், வீட்டுப் படங்களுக்கும் அதே அக்கறை வேண்டும் என்று கேட்கிறேன்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கொழும்பில் நான் பார்க்கும் வீடுகளில் பாதியில் இதுதான் நடக்கிறது. கணினியில் இடம் இல்லை என்று படங்களை டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, கணினியில் அழித்துவிடுகிறார்கள், பிறகு ‘பேக்கப் இருக்கிறது’ என்கிறார்கள். அது பேக்கப் இல்லை. இருந்த ஒரே பிரதியை ஒரு மேசையிலிருந்து இன்னொரு லாச்சிக்கு மாற்றியதுதான். கணினியிலும் இருக்க வேண்டும், டிஸ்க்கிலும் இருக்க வேண்டும்.

சரி, எந்த வகை? எஸ்.எஸ்.டி.யா சாதாரண ஹார்ட் டிஸ்க்கா என்ற கேள்விக்கு கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் இல்லை, விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கும், வேகமும் கூட. சாம்சங் டி7 போன்ற ஒன்று விநாடிக்கு 1000 மெகாபைட் வரை போகும், சாதாரண சிறிய ஹார்ட் டிஸ்க் 100, 130 அளவில்தான். தினமும் பையில் போட்டுக்கொண்டு ஓபிசுக்கும் வீட்டுக்கும் அலைபவர் என்றால் யோசிக்காமல் எஸ்.எஸ்.டி. எடுங்கள் என்று சொல்வேன். உங்கள் தேவை அதில்லை. உங்கள் டிஸ்க் மாதத்தில் ஒரு நாள் வெளியே வந்து, மற்ற நாட்களில் அலுமாரிக்குள் தூங்கப் போகிறது. எஸ்.எஸ்.டி. தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைத்திருக்கிறது, மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது அது மெல்ல மெல்லக் கசியும். எழுதி எழுதி ஆயுள் முடியும் நிலைக்கு வந்த ஒரு வீட்டுப் பாவனை எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 பாகை செல்சியஸில் ஒரு வருடம் தகவலைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் நியமம். புதிய எஸ்.எஸ்.டி. அதைவிட நெடுநாள் தாங்கும், ஆனால் வெப்பம் கூடக் கூடக் காலம் குறையும், நம்முடைய அறையின் பகல் வெப்பம் அந்த 30ஐச் சுற்றித்தான் நிற்கிறது. காந்தத்தில் எழுதும் ஹார்ட் டிஸ்க்குக்கு இந்தக் கவலை மிகக் குறைவு, அதே காசுக்குக் கொள்ளளவும் கூட. ஆகவே உங்களுக்கு ஹார்ட் டிஸ்க்.

அதிலும் இரண்டு அளவு உண்டு. உள்ளங்கை அகலத்தில் வரும் 2.5 அங்குல டிஸ்க் யூ.எஸ்.பி. கேபிளிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். தடித்த புத்தகம் மாதிரி வரும் 3.5 அங்குல டிஸ்க்குக்கு தனி அடப்டர் வேண்டும், கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டில் இருந்த ஊர் இது, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் சட்டென்று இருண்டதும் நினைவிருக்கும். கரண்ட் போனாலும் கணினியைக் கொஞ்ச நேரம் ஓட வைக்கும் யூ.பி.எஸ். பெட்டி இல்லாத வீட்டில் 3.5 அங்குலம் வேண்டாம். சிறியதே போதும். டெஸ்க்டொப்பில் என்றால் சிறியதுக்கும் கரண்ட் கணினியிலிருந்துதான் வருகிறது, ஆகவே யூ.பி.எஸ். வாங்க வழி இருந்தால் டிஸ்க்குக்கு முன் அதை வாங்குங்கள்.

கொள்ளளவு என்று பார்த்தால், இருப்பதைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் எடுப்பது நல்லது. 600 கிகாபைட்டுக்கு 1 டெராபைட் இன்றைக்குப் போதும், ஆனால் பேக்கப் மென்பொருள் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும், இனி எடுக்கும் வீடியோக்களும் சேரும். 2 டெராபைட் சரியான அளவு.

கடையில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, கேபிள் செருகும் இடம். பல டிஸ்க்குகளில் இன்னும் அகலமான, தட்டையான மைக்ரோ-பி துளைதான் வருகிறது. அது காலப்போக்கில் தளர்ந்துவிடும் இடம், டைப்-சி துளையோடு கிடைத்தால் அதை எடுங்கள். மற்றது, வொரண்டி. பில்லில் ஒரு வருடம் என்று எழுதிவிட்டு கீழே சிறிய எழுத்தில் 350 நாள் என்று போடும் கடைகள் உண்டு, மின்னல், கூடிய வோல்டேஜ், துரு ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்றும் இருக்கும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் அந்தத் துரு என்ற சொல் சும்மா போட்டதில்லை, யன்னலோரத்தில் வைக்க வேண்டாம். முக்கியமாக, வொரண்டி தருவது புதிய டிஸ்க்கை மட்டும்தான். உங்கள் படங்களை எந்த வொரண்டியும் திருப்பித் தராது.

கே: 1 டெராபைட் என்று வாங்கினேன், கணினியில் போட்டால் 931 கிகாபைட்தான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
— வாசகர், தெஹிவளை

ப: இல்லை. டிஸ்க் செய்பவர்கள் ஒரு டெராபைட்டை ஒரு லட்சம் கோடி பைட் என்று ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024ஆக எண்ணுகிறது. அதே அளவுதான், எண்ணும் முறை வேறு. 2 டெராபைட் டிஸ்க்கும் 1.81 என்றே காட்டும். கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

கே: பேஸ்புக்கில் 16 டெராபைட் எஸ்.எஸ்.டி. ஒன்று விளம்பரம் வருகிறது, கையடக்கமாக இருக்கிறது, யூனிட்டி பிளாசாவில் 1 டெராபைட்டுக்குச் சொல்லும் விலையைவிடக் குறைவு. வீட்டுக்கே கொண்டுவந்து தந்து காசு வாங்குகிறார்கள். எடுக்கலாமா அண்ணா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

ப: எடுக்காதீர்கள் தம்பி. அந்த விலைக்கு 16 டெராபைட் உலகத்தில் எங்கும் இல்லை. இந்த மாதிரிப் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே கண்டது, போனில் போடும் சிறிய மெமரி கார்ட் ஒன்றைச் செருகிய ஒரு சின்னச் சுற்றுப் பலகை. கணினி கேட்டால் ‘நான் 16 டெராபைட்’ என்று பொய் சொல்லும்படி அதன் மென்பொருளை மாற்றியிருப்பார்கள். நீங்கள் 50 கிகாபைட் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், அதுதான் இதன் கொடுமை. உண்மையான இடம் நிரம்பிய பிறகு புதிதாக எழுதுவது பழையதின் மேல் விழும், அல்லது எங்கும் எழுதப்படாமலே போகும். கோப்பின் பெயர் மட்டும் பட்டியலில் தெரியும், திறந்தால் படம் இருக்காது. மாதக் கணக்கில் பேக்கப் எடுத்துவிட்டு, தேவைப்படும் நாளில்தான் இது தெரியவரும். காசு போனால் போகட்டும், பிள்ளையின் முதல் பிறந்தநாள் வீடியோவும் அதோடு போவதுதான் எனக்குப் பொறுக்க முடியாதது.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள், அல்லது வாங்கியது உண்மையா என்று சந்தேகம் உள்ளவர்கள், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் சோதிக்கலாம். டிஸ்க் முழுவதையும் எழுதி நிரப்பி, பிறகு திரும்ப வாசித்து, எவ்வளவு உண்மையாகப் பதிந்தது என்று சொல்லும். நேரம் எடுக்கும், இரவில் ஓட விட்டுவிட்டுப் படுங்கள். டிஸ்க்கில் எதுவும் போடுவதற்கு முன் செய்யுங்கள்.

கே: கலியாண வீடியோ எடுக்கும் வேலை. புதிய 2 டெராபைட் டிஸ்க்கில் முதல் கொஞ்ச நேரம் விநாடிக்கு 120 மெகாபைட் போகிறது, 100 கிகாபைட் தாண்டியதும் 20க்கும் 10க்கும் விழுகிறது. டிஸ்க் பழுதா?
— வாசகர், கொச்சிக்கடை

ப: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. இன்று வரும் 2.5 அங்குல டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்.எம்.ஆர். என்ற முறையில் எழுதுகின்றன. கூரையில் ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் ஓரத்தின் மேல் அடுத்த தடம் ஏறியிருக்கும், குறைந்த இடத்தில் கூட எழுதலாம். ஆனால் நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அதை ஒட்டிய தடங்களையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். அதைச் சமாளிக்க டிஸ்க்கில் ஒரு தற்காலிகப் பகுதி உண்டு, அது நிரம்பும்வரை வேகம், நிரம்பியதும் விழுந்துவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானே ஒழுங்குபடுத்திக்கொண்டு மறுபடி வேகம் பிடிக்கும். வீட்டுப் படங்களை மாதம் ஒரு தரம் பிரதியெடுப்பவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. கலியாணத்துக்குக் கலியாணம் 200, 300 கிகாபைட் கொட்டுகிற உங்களுக்குப் பிரச்சினைதான். அன்றாட வேலைக்கு எஸ்.எஸ்.டி. ஒன்று, முடிந்த வேலையைச் சேர்த்து வைக்க ஹார்ட் டிஸ்க் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று: வாடிக்கையாளருக்குக் கொடுத்தாயிற்று என்று உங்கள் பிரதியை உடனே அழிக்காதீர்கள், அவர்கள் வீட்டில் அது ஒரே ஒரு பென் டிரைவில்தான் இருக்கும்.

ஆரம்பத்திலிருந்தே 30, 35க்கு மேல் போகவில்லை என்று எழுதியவர்களுக்கு வேறு காரணம். அது யூ.எஸ்.பி. 2.0 துளை, அல்லது பழைய கேபிள். நீல நிறத் துளை (யூ.எஸ்.பி. 3.0) இருந்தால் அதில் செருகுங்கள், டெஸ்க்டொப்பில் என்றால் முன்பக்கத்தை விடப் பின்பக்கத்துத் துளை நம்பிக்கையானது. 600 கிகாபைட்டை 2.0இல் அனுப்பினால் ஐந்து மணி நேரம் போகும், 3.0இல் இரண்டு மணி நேரத்துக்குள் முடியலாம். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் இரண்டிலும் கூட எடுக்கும்.

கே: நான் கணித ஆசிரியர். பல வருட வினாத்தாள்கள், குறிப்புகள், மாணவர் புள்ளிகள் எல்லாம் கணினியில். ஒரு டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருக்கிறேன், விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி தானாகப் பிரதியெடுக்கிறது. இது போதும்தானே சேர்?
— ஆசிரியர், மட்டக்குளி

ப: தானாக நடக்கிறது என்பது மிக நல்ல விஷயம், அதைக் கைவிடாதீர்கள். நினைவு வைத்துச் செய்கிற பேக்கப் மூன்றாவது மாதத்தில் நின்றுவிடும். ஆனால் போதாது, காரணங்கள் உண்டு.

முதலில் இதைப் பாருங்கள்: உங்கள் வினாத்தாள்கள் எந்த டிரைவில் இருக்கின்றன? நம்மூரில் கணினி விற்பவர்கள் டிஸ்க்கை சி, டி என்று இரண்டாகப் பிரித்துத் தருவது வழக்கம், ‘முக்கியமானதை டியில் வையுங்கள்’ என்று சொல்லியும் விடுவார்கள். ஃபைல் ஹிஸ்டரி பார்ப்பது டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற குறிப்பிட்ட ஃபோல்டர்களைத்தான். டி டிரைவில் நீங்களாக ஒரு ஃபோல்டர் போட்டு அதில் எல்லாவற்றையும் வைத்திருந்தால், அதை லைப்ரரியில் சேர்க்கும்வரை ஃபைல் ஹிஸ்டரி திரும்பியும் பார்க்காது. ஒவ்வொரு மணிக்கும் ஒழுங்காக ஓடுவதாகக் காட்டிக்கொண்டே இருக்கும், உங்கள் வினாத்தாள் ஒன்றும் அதில் இருக்காது. இன்றைக்கே டிஸ்க்கைத் திறந்து, போன வாரம் செய்த ஒரு வினாத்தாள் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை வேறொரு ஃபோல்டருக்கு எடுத்துத் திறந்தும் பாருங்கள். திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்தது, எப்போதும் செருகியிருக்கும் டிஸ்க்குக்கு கணினிக்கு வரும் எல்லா ஆபத்தும் சேர்ந்து வரும். 2017 மே மாதம் வொன்னாகிரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவி கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்டது, இங்கிலாந்தின் மருத்துவமனைகள் கூடத் தடுமாறின. அந்த வகை வைரஸ் கணினியோடு இணைந்திருக்கும் எல்லா டிரைவையும் தேடிப் பூட்டும், பேக்கப் டிஸ்க் உட்பட. இப்போது வீடுகளுக்கு அது வரும் பெரிய வழி கிராக் செய்த மென்பொருள். வகுப்புக்கு வேண்டுமென்று யாராவது ஒரு மென்பொருளை பென் டிரைவில் கொண்டுவந்து ‘இதை ஓட விடுங்கள், அன்டிவைரஸை நிறுத்திவிடுங்கள்’ என்று சொன்னால் தயவு செய்து மறுத்துவிடுங்கள்.

மின்னலும் இருக்கிறது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் கொழும்பில் இடி இடிக்கும்போது, கணினிக்குள் வரும் அடி கேபிள் வழியே டிஸ்க்குக்கும் போகும். தொலைக்காட்சிப் பிளக்கைக் கழற்றுகிற வீடுகளிலும் கணினியை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே இந்த டிஸ்க் இருக்கட்டும், இன்னொன்று வாங்குங்கள். அதை வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு வகுப்பு முடிந்ததும் என்று வையுங்கள், செருகிப் பிரதியெடுத்து, முறையாக எஜெக்ட் செய்து, கழற்றி வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருள் மாறியவற்றை மட்டும் எழுதும். விண்டோஸ் 10இல் இருக்கிறீர்கள் என்றால், 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, இந்த இரண்டாவது டிஸ்க் உங்களுக்கு இன்னும் அவசரம்.

கே: மகள் மெக்புக் பாவிக்கிறாள், நான் விண்டோஸ். ஒரே டிஸ்க்கை இரண்டு பேரும் பாவிக்கலாமா?
— வாசகர், கொள்ளுப்பிட்டி

ப: கோப்புகளைக் கைமாற்றுவதற்கு என்றால் எக்ஸ்ஃபெட் முறையில் ஃபோர்மட் செய்யுங்கள், இரண்டிலும் எழுதலாம். பேக்கப்புக்கு என்றால் வேண்டாம். மெக்கின் பேக்கப் மென்பொருளான டைம் மெஷினுக்குத் தன் முறையில் தனி இடம் வேண்டும், விண்டோஸுக்கு என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபோர்மட் செய்வது நல்லது. ஆளுக்கொரு டிஸ்க். ஃபோர்மட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும், முதலில் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கே: 2016 மே வெள்ளத்தில் எங்கள் கீழ்த்தளம் மூழ்கியது. டெஸ்க்டொப்பும் அதே மேசையில் இருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்து போய்விட்டன. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மேல்மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இனி எங்கே வைப்பது? கிளவுட்டில் போட்டுவிட்டால் டிஸ்க்கே தேவையில்லை என்கிறான் மருமகன்.
— வாசகி, வெல்லம்பிட்டிய

ப: நீங்கள் பட்டதைப் படித்தபோது மனம் கஷ்டப்பட்டது. களனி ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு மேல்மாடி ஒரு பதில்தான், ஆனால் அந்த நேரத்தில் பிள்ளைகளையும் மருந்தையும் அடையாள அட்டையையும் தூக்குவீர்களா, டிஸ்க்கைத் தேடுவீர்களா? அது ஏற்கனவே வேறொரு வீட்டில் இருக்க வேண்டும்.

படப்பிடிப்பாளர்களும் கணினி ஆட்களும் பின்பற்றும் ஒரு கணக்கு உண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்பார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்புச் சாதனத்தில், ஒன்று வேறிடத்தில். வீட்டுக்குச் சுருக்கமாக: கணினியில் ஒன்று, வீட்டு டிஸ்க்கில் ஒன்று, வெளியே ஒன்று. வெளியே என்றால் தண்ணீர் வராத இடத்தில் இருக்கும் உறவினர் வீடு, ஓபிஸ் லாச்சி, வங்கிப் பெட்டகம், எதுவென்றாலும் சரி. தங்கச்சி நுகேகொடையிலோ மருமகன் இரத்மலானையிலோ இருந்தால், இரண்டு டிஸ்க்கை மாற்றி மாற்றிப் பாவியுங்கள். போகும்போது புதிதாக எழுதியதைக் கொடுத்துவிட்டு அங்கே இருப்பதை எடுத்து வாருங்கள். எப்படியும் மாதத்தில் ஒரு தரம் போய்வருகிற வீடுதானே, அந்தப் பயணத்தோடு இதுவும் போகட்டும். அவர்களுடைய டிஸ்க்கை உங்கள் வீட்டு மேல்மாடியில் வைத்துக்கொள்ளலாம் என்றும் கேட்டுப் பாருங்கள். டிஸ்க்கை ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைக்கற் இரண்டு போட்டு வையுங்கள், மேலே திகதி எழுதி ஒட்டுங்கள்.

மருமகன் சொன்ன கிளவுட்டும் நல்லதுதான், டிஸ்க்குக்குப் பதிலாக இல்லை, டிஸ்க்கோடு சேர்த்து. கூகுள் 15 கிகாபைட் இலவசமாகத் தருகிறது, மைக்ரோசொஃப்ட் 5. அதற்கு மேல் மாதாமாதம் காசு, அதுவும் அட்டை மூலம். கட்டணம் நின்றால் சிறிது காலத்துக்குப் பிறகு அவர்கள் அழித்துவிடவும் உரிமை உண்டு. வீட்டு இணைப்பில் மேலேற்றும் வேகம் விநாடிக்கு 10 மெகாபிட் என்று வைத்தால் 600 கிகாபைட் ஏற இரவு பகலாக ஐந்தரை நாள் வேண்டும், டேட்டாவும் தீரும். அதனால் எல்லாவற்றையும் ஏற்ற முயல வேண்டாம். முதலில் திருப்பி எடுக்கவே முடியாதவற்றைப் பிரியுங்கள்: உறுதி, பிறப்புச் சான்றிதழ், பழைய குடும்பப் படங்கள். 15 கிகாபைட்டுக்குள் அவை அடங்கிவிடும்.

இனி ஒருபோதும் நடக்கக்கூடாது, நடந்தால்: நனைந்த டிஸ்க்கைக் கணினியில் செருகிப் பார்க்காதீர்கள், வெயிலிலும் காய வைக்காதீர்கள். சேற்றுத் தண்ணீர் உள்ளே காய்ந்தால், தகவல் எழுதப்பட்டிருக்கும் சுழலும் தட்டில் அழுக்கு ஒட்டிவிடும். ஈரத்தோடேயே பொலித்தீன் பையில் கட்டி, தரவு மீட்பு செய்பவரிடம் கொண்டுபோங்கள்.

கே: அப்பாவின் டிஸ்க் செருகினால் டிக், டிக் என்று அடிக்கிறது, கணினியில் தெரியவில்லை. ஃபிரீசரில் ஓர் இரவு வைத்தால் சரியாகும் என்று யூடியூப்பில் பார்த்தேன். செய்யட்டுமா?
— மாணவி, பம்பலப்பிட்டி

ப: வேண்டாம் தங்கச்சி. உடனே கழற்றிவிடுங்கள், இன்னொரு தரம் செருகிப் பார்க்கவும் வேண்டாம். அந்த டிக் சத்தம், வாசிக்கும் தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப அலைவது. அந்தத் தலை தட்டுக்கு மேலே சில நனோமீற்றர் உயரத்தில்தான் பறக்கிறது, முடியின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. பழுதான தலை தட்டைத் தொட்டால், தொட்ட இடத்தில் இருந்த தகவல் சுரண்டிப் போய்விடும், அதை யாராலும் மீட்க முடியாது. ஃபிரீசர் யோசனை பழைய காலத்து டிஸ்க்குகளில் எப்போதாவது ஒருவருக்குச் சரிவந்த கதை. கொழும்பு ஈரக்காற்றில் குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும் உள்ளும் புறமும் நீர் பூக்கும், அதோடு மிச்சமும் போய்விடும்.

அதில் இருப்பது வேறெங்கும் இல்லை, கட்டாயம் வேண்டும் என்றால் தூசியற்ற அறை வசதி உள்ள மீட்பு நிலையத்திடம் மட்டும் கொடுங்கள். கொடுக்குமுன் செலவை எழுத்தில் கேளுங்கள், மீட்க முடியாவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்றும் கேளுங்கள். போன் திருத்தும் கடையில் மூடியைத் திறக்க விடாதீர்கள்.

சத்தம் எதுவும் இல்லாமல் கணினியில் தெரியாமல் மட்டும் இருந்தால் அவ்வளவு பயம் வேண்டாம். வேறு கேபிள், வேறு துளை, வேறு கணினி என்று பாருங்கள், பல நேரம் கேபிள்தான். ‘ஃபோர்மட் செய்யவா’ என்று விண்டோஸ் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள்.

நல்ல நிலையில் இருக்கும்போதே கவனிக்க விரும்புபவர்கள் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். நீலமாக ‘குட்’ என்று இருந்தால் சரி. மஞ்சளாகி, பழுதான இடங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டு போனால் அன்றைக்கே வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். நீலம் என்றாலும் நாளைக்கு நிற்காது என்று உறுதி இல்லை.

கே: உறுதி, வங்கிக் கூற்று, அடையாள அட்டைப் பிரதி எல்லாம் டிஸ்க்கில் இருக்கிறது. வேறு வீட்டில் வைத்து அது தொலைந்தால்? கடவுச்சொல் போட முடியுமா?
— வாசகி, கொள்ளுப்பிட்டி

ப: முடியும், போடவும் வேண்டும். விண்டோஸ் புரோ என்றால் டிஸ்க்கைக் கடவுச்சொல்லால் பூட்டும் பிட்லொக்கர் உள்ளேயே இருக்கிறது. ஹோம் பதிப்பில் எக்ஸ்டேர்னல் டிஸ்க்கைப் புதிதாகப் பூட்ட முடியாது, பூட்டியதைத் திறக்க மட்டும் முடியும். அவர்களுக்கு வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள். முழு டிஸ்க்கையும் பூட்டத் தேவையில்லை, டிஸ்க்கில் 20 கிகாபைட் அளவில் ஒரு பூட்டிய பெட்டகம் செய்து ஆவணங்களை அதற்குள் போடுங்கள். சில டிஸ்க்குகள் தம் சொந்தப் பூட்டு மென்பொருளோடு வருகின்றன. அவற்றில் உள்ளே இருக்கும் சுற்றுப் பலகையே பழுதானால் தட்டு நன்றாக இருந்தாலும் திறப்பது பெரும்பாடு, அதனால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

கடவுச்சொல் மறந்தால் கதை முடிந்தது, எந்தக் கடையும் திறந்து தராது. ஆகவே அதைக் கடதாசியில் எழுதி, டிஸ்க் இருக்கும் வீட்டில் இல்லாமல் உங்கள் வீட்டில் உறுதி வைத்திருக்கும் கோப்பில் வையுங்கள், உங்களைத் தவிர இன்னும் ஒருவருக்காவது, கணவருக்கோ பிள்ளைக்கோ, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். குடும்பப் படங்களைப் பூட்ட வேண்டாம். அவற்றைத் திருடிப் பயன் அடைபவர் யாரும் இல்லை, நாளைக்கு உங்கள் பிள்ளைகள் அந்த டிஸ்க்கைச் செருகும்போது யாரிடமும் எதுவும் கேட்காமல் திறக்க வேண்டும்.